டேனிஷ் கோட்டைச் சுவரில் எங்கள் ஊர்ப் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நாங்கள் மூன்று குடும்பம் பவானியிலிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடி போனோம், பொறையாறு பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்பில் கூடாரம் போட்டு, நம்ம ஊர் ஜமக்காளத்தை விரித்து இரண்டு ராத்திரி தங்கினோம். கூடுதுறையைத் தாண்டி ஓடுகிற காவிரி பூம்புகாரில் கடலில் சேர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் கிளம்பியது. ஆனால் அவர்கள் நகர மாட்டேன் என்று நின்றது டேனிஷ் கோட்டையில்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கீழே கிடங்குகள், மேலே கவர்னர் குடியிருந்த அறைகள், வெளியே வந்தால் எதிரே கடல். "ஏனுங்க அத்தை, அத்தனை தூரத்துல இருந்து எதுக்குங்க வந்தாங்க?" என்று அண்ணன் மகள் கேட்டாள். மிளகுக்கும் பருத்தித் துணிக்கும் என்றேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா, துணி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு சுவரைக் காட்டினாள். இரண்டு பெயர், நடுவில் அம்பு, கீழே 'பவானி' என்று ஆணியால் ஆழமாகக் கீறியிருந்தது. "நம்ம ஊருங்க அத்தை!" என்றாள் சந்தோஷமாக. எனக்குப் பதில் வரவில்லை.

அது சுண்ணாம்புப் பூச்சு. கீறல் விழுந்த இடத்தில் உப்புக்காற்று உள்ளே போய்ப் பூச்சை உதிர்க்கும், அப்புறம் செங்கல்லையும் அரிக்கும். அதே ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதத்தை 400 வருஷமாக அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள், கோட்டை இப்போது நம்முடையது, இதைக் காப்பாற்ற வேண்டியவர்களும் நாம்தானே? தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டைக்குப் போனாலும் சுவரில் இதே கிறுக்கல்தான், அங்கே பார்க்கும்போது வயிறு இன்னும் எரிகிறது.

சுற்றுலாக் கூட்டிப் போகும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேன் ஏறும் முன்பே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கோட்டைக்குள் அவர்கள் கூடவே நடங்கள். பள்ளிச் சுற்றுலாக் காலம் தொடங்குவதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

ஒரு வாசகி,
பவானி