என் மகளின் உணவுத் தட்டுக்குப் பொறுப்பேற்றவருக்கு நன்றி

மதிப்பிற்குரிய உணவியல் நிபுணர் அவர்களுக்கும் உடன் பணியாற்றிய குழுவினருக்கும் வணக்கம்.

எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவையே ஒதுக்க வைக்கும் அனோரெக்சியா நோயிலிருந்து என் மகளை மீட்டதில் மருத்துவர், உளவியல் நிபுணர், செவிலியர்கள் என ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் இம்மடலை முதன்மையாக உங்களுக்கே எழுதுகிறேன். எடையைக் குறைக்க அட்டவணை எழுதித் தருபவர்தான் உணவியல் நிபுணர் என்று பலரும் நினைத்திருக்கும் நிலையில், உண்ணவே அஞ்சும் ஒருவருக்கு நீங்கள் செய்வது என்ன என்பதை எங்களைப் போல் தவிக்கும் பெற்றோரும் அறிய வேண்டும் என்பதால், மகளின் சம்மதத்தோடு இந்த நன்றியைப் பொதுவில் சொல்கிறேன்.

எப்படியாவது அவள் வயிறு நிறைய உண்டுவிட மாட்டாளா என்று நாங்கள் ஏங்கிய முதல் நாட்களில், நீங்கள் எங்களைப் பொறுமை காக்கச் சொன்னீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு மீண்டும் உணவு கிடைக்கும்போது இன்சுலின் சுரப்பு கூடி, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்படும் என்றும், அவற்றின் அளவு இரத்தத்தில் சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்றும் விளக்கினீர்கள். இந்த ஆபத்துக்கு உரிய ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டோம். மருத்துவர் தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுத்து இரத்தப் பரிசோதனைகளைக் கவனித்துவர, அதற்கேற்ப உணவின் அளவை நீங்கள் படிப்படியாக உயர்த்தினீர்கள்.

அவளுடைய பிடிவாதம் என்று உறவினர் பேசியதற்கெல்லாம் விடையாக நீங்கள் சொன்ன ஓர் ஆய்வை மறக்க இயலாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களும் நாள் முழுவதும் உணவையே நினைத்தனர். சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தனர். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்து உண்டனர். எரிச்சலும் சோர்வும் கொண்டனர். எங்கள் வீட்டில் நாங்கள் கண்டவற்றில் பாதி, பட்டினி மூளைக்குச் செய்யும் வேலை என்று அன்று புரிந்தது. மகள்மீது எனக்கிருந்த கோபம் அதன்பின் பெரிதும் தணிந்தது.

மூன்று வேளை உணவு, இடையில் மூன்று சிற்றுண்டி, எந்த இடைவெளியும் மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் திட்டம். பசித்தால் உண்ணலாமே என்று அவள் வாதிட்டபோது, பட்டினியால் இரைப்பை மெதுவாகவே காலியாகிறது, அதனால் சிறிது உண்டதும் வயிறு உப்பி நிறைந்ததுபோல் தோன்றும், பசி உணர்வு நம்பத்தக்கதாகத் திரும்பும்வரை கடிகாரமே வழிகாட்டட்டும் என்று சொன்னீர்கள். எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்ற முடிவுதான் அவளை ஒவ்வொரு நாளும் வதைத்தது; அந்த முடிவை அவளிடமிருந்து வாங்கி நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். இதையே உங்கள் பணியின் உயிர்நாடியாக நான் காண்கிறேன்.

அவள் அருகில் உங்கள் தட்டோடு அமர்ந்து நீங்களும் உண்டதைப் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு துண்டைப் பத்தாகப் பிய்க்கத் தொடங்கினால், தாழ்ந்த குரலில் ஒருமுறை நினைவூட்டிவிட்டு, அவள் வரையும் படங்களைப் பற்றிப் பேச்சைத் தொடர்வீர்கள். உண்டு முடித்த பின்பும் எழுந்து போக மாட்டீர்கள். குற்றவுணர்வு கடுமையாகத் தாக்குவது அந்த அரை மணி நேரத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. நல்ல உணவு, கெட்ட உணவு என்ற சொற்களை நீங்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. ‘முகம் தெளிந்துவிட்டது, உடம்பு தேறிவிட்டது’ என்று அன்போடு சொல்வதுகூட, குண்டாகிவிட்டாய் என்றே அவள் காதில் விழக்கூடும் என எங்களையும் எச்சரித்தீர்கள். எடை எடுக்கும்போது எண் கண்ணில் படாதபடி திரும்பி நிற்க வைத்ததும் அவளுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

அஞ்சிய உணவுகளைக் குறைந்த அச்சம் முதல் மிகுந்த அச்சம் வரை அவளையே வரிசைப்படுத்தச் செய்தீர்கள். ஒருமுறை உண்டதோடு விடாமல், பதற்றம் அடங்கும்வரை அதே உணவைத் திரும்பத் திரும்ப உண்ண வைத்த பிறகே அடுத்ததற்குச் சென்றீர்கள். பின்னர், வாங்கி வைத்திருந்த முடிவைச் சிறிது சிறிதாக அவளிடமே திருப்பித் தந்தீர்கள்: முதலில் இரண்டு சிற்றுண்டிகளில் ஒன்றைத் தேர்வது, பிறகு தானே பரிமாறிக்கொள்வது, அதன்பின் தோழிகளுடன் வெளியில் உண்பது. இடையில் அவள் தடுமாறிய வாரங்களில் மீண்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டீர்களே தவிர, ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை.

கடைசிச் சந்திப்பில் அவளோடு சேர்ந்து நீங்கள் எழுதித் தந்த தாள் எங்களிடம் இருக்கிறது. சிற்றுண்டியைத் தள்ளிப்போடுதல், தனியே உண்ண விரும்புதல், மறுபடி அளவுகளை எண்ணத் தொடங்குதல் ஆகிய அறிகுறிகளும், அவை தென்பட்டால் யாரிடம் முதலில் பேசுவது என்பதும் அதில் இருக்கின்றன. முதல் பெயராக உங்கள் பெயரை எழுதச் சொன்னவள் அவள்தான்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஒரு தாய்