செவன் சிஸ்டர்ஸ் நடைக்கு பிளான் போட்டுக் குடுத்த எல்லாருக்கும் ஒரு பெரிய நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை இங்கிலாந்தோட தெற்குக் கடற்கரைல சீஃபோர்ட்ல ஆரம்பிச்சு, செவன் சிஸ்டர்ஸ்ங்கற வெள்ளைப் பாறை மலைங்க வழியா ஈஸ்ட்போர்ன் வரைக்கும் கடலோரமாவே நடந்து முடிச்சாச்சு, போனவங்க எல்லாரும் பத்திரமா வீட்டுக்கு வந்தாச்சு, அத்தை உட்பட. "எப்படிப் போச்சு"னு ஆளாளுக்கு தனித்தனியா கேக்கறீங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட தெம்பில்ல, கால் இன்னும் வலிக்குது, அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். யாரையாவது விட்டிருந்தா திட்டாதீங்க.

முதல்ல க்ராய்டன் அண்ணனுக்கு. ஈஸ்ட்போர்னுக்கு லண்டன் விக்டோரியா ஸ்டேஷன்ல இருந்து நேர் ரயில் இருக்கே, அங்கயே இறங்கி நடக்க ஆரம்பிச்சுடலாம்னு வீட்ல பேச்சு ஓடிட்டு இருந்தப்ப, "வேணாம்டா, லூயிஸ்ல மாறி சீஃபோர்ட் போ, அங்கருந்து கிழக்கால நட"ன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க பாருங்க, அதுக்கே தனியா விருந்து வெக்கணும். அந்தப் பக்கம் காத்து பெரும்பாலும் தென்மேற்குல இருந்துதான் அடிக்கும், சீஃபோர்ட்ல ஆரம்பிச்சா காத்து முதுகுல, ஈஸ்ட்போர்ன்ல ஆரம்பிச்சா மூஞ்சில. எதிர்ல வந்தவங்க தொப்பிய ஒரு கையால பிடிச்சுட்டு குனிஞ்சு வந்தத பாத்தப்பதான் அண்ணன் சொன்னது உறைச்சுது. அது மட்டுமில்ல, சீஃபோர்ட் ஹெட் ஏறி இறங்கினா அந்த கோஸ்ட்கார்ட் (கடலோரக் காவல்) வீடுகளும் அதுக்குப் பின்னாடி வெள்ளை மதில் மாதிரி ஏழு மலையும் எதிர்ல விரியுது, அந்தக் காட்சிய முதுகுக்குப் பின்னாடி விட்டுட்டு நடக்கறதுல என்ன இருக்கு? நடந்து களைச்சு முடிக்கற இடமும் பெரிய ஊரா, கடை கண்ணி, நேர் ரயில்னு இருக்கறது எவ்வளவு நிம்மதின்னு சாயங்காலம்தான் புரிஞ்சுது.

டிக்கெட் விஷயத்துல ஈஸ்ட்ஹாம் அக்காவுக்கு. மூணு பேர்ல இருந்து ஒம்பது பேர் வரைக்கும் ஒண்ணா போனா குரூப்சேவ்ங்கற ரயில் தள்ளுபடில மூணுல ஒரு பங்கு குறையும்னு இத்தன வருஷமா லண்டன்ல இருந்தும் எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டம் இல்லாத நேர ரயிலா இருக்கணும், எல்லாரும் ஒண்ணாவே போகணும், அவ்வளவுதான். மிச்சமான காசு பூரா வழில இருக்கற பர்லிங் கேப் கடற்கரைல ஐஸ்கிரீமா போயிடுச்சு, அது வேற கதை.

இப்ப மேப் குடுத்த சார். போன்லயே எல்லாம் இருக்கே, எதுக்கு சார் இவ்ளோ பெரிய காகிதம்னு கேட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லாம ஆர்டினன்ஸ் சர்வே (இங்க அரசாங்கம் போடற மேப்) ஓஎல்25 மேப்ப டேபிள் மேல விரிச்சு குக்மியர் ஆறு கடல்ல சேர்ற இடத்துல விரல வெச்சு "இங்க பாலம் எங்க இருக்கு, காட்டு"ன்னீங்க. பாலமே இல்ல! எதிர்க் கரை கல்லெறியற தூரத்துல தெரியுது, நேரா குறுக்க போயிடலாம் போலதான் தோணும், ஆனா ஆத்தோரமா உள்ள எக்ஸீட் பாலம் வரைக்கும் போய் அந்தப் பக்கமா திரும்பி வரணும், அதுக்கே ஒரு மணி நேரம் ஓடிடும். சாதா கணக்குல இந்த ஒரு மணி நேரம் விட்டுப் போயிருந்தா கடைசில இருட்டுல, ஈஸ்ட்போர்னுக்கு முன்னாடி வர்ற பீச்சி ஹெட் மலைய இறங்கியிருப்போம். எக்ஸீட்ல டாய்லெட் இருக்கு, தண்ணி பிடிச்சுக்கலாம், பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவுல ஓடற 12ஆம் நம்பர் பஸ் நிக்குது, முடியாதவங்க இங்கயே ஏறிடலாம்னு பென்சில்ல ஓரமா எழுதியும் குடுத்தீங்க. அந்தப் பென்சில் எழுத்த அழிக்கல சார்.

அலை ஏத்த இறக்கம் பாக்கச் சொன்ன நாகர்கோவில் மச்சானுக்கு. நம்ம கடல்ல ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தாலே பெருசு, அதனால எங்களுக்கு இதெல்லாம் பாக்கற பழக்கமே கிடையாது, இங்க அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஆறு மீட்டர் கிட்ட ஏறி இறங்குது. கீழ மணல்ல, சாரி மணல் எங்க இருக்கு எல்லாம் கூழாங்கல்லு, பாறைக்கு அடியில நடந்துட்டு இருக்கும்போது தண்ணி ஏறிட்டா மேல ஏற வழியே இல்ல, ஒரு பக்கம் கடல் இன்னொரு பக்கம் செங்குத்து சுவர். காலைலயே டைம் பாத்து வெச்சிருந்தும் ஹோப் கேப் படிக்கட்டு கிட்ட பசங்க கீழ போகணும்னு ஒரே அழிச்சாட்டியம், அப்ப நாயோட வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தானா நின்னு "தண்ணி ஏறுது, இப்ப வேணாம், பர்லிங் கேப்ல இறங்கிக்கோங்க"ன்னு பசங்க கிட்டயே சொல்லிட்டுப் போனார். நாங்க சொன்னா கேக்காததுங்க அவர் சொன்னதும் கப்சிப். அவருக்கு தமிழ் படிக்கத் தெரியாது, இருந்தாலும் நன்றி.

ஜியாலஜி படிக்கற தம்பிக்குத்தான் நான் அதிகமா கடன்பட்டிருக்கேன். எல்லாரும் "ஓரத்துக்குப் போகாதீங்க"ன்னு சொல்வாங்க, ஏன்னு சொன்னது நீ ஒருத்தன்தான். அந்தப் பாறை முழுக்க சாக்பீஸ் கல்லு, டைனோசர் காலத்துக் கடல்ல வாழ்ந்த கண்ணுக்கே தெரியாத பாசியோட ஓடெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா அடியில படிஞ்சு உண்டானது, அலை அடியில குடைஞ்சுட்டே இருக்கும், மேல இருக்கறது ஒரு நாள் பொத்துனு விழும். சராசரியா வருஷத்துக்கு 30, 40 சென்டிமீட்டர் கரையுதுன்னு சொல்றாங்க, ஆனா அது வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா போறது இல்ல, பல வருஷம் சும்மா இருந்துட்டு ஒரே நாள்ல மொத்தமா போகும்னு சொன்ன பாரு, அதுதான் மண்டைல நின்னுச்சு. அது புதுசா விழுந்துட்டே இருக்கறதாலதான் அவ்ளோ வெள்ளையாவும் இருக்காம், கரையறது நின்னா புல்லு மொளைச்சு பச்சையாயிடுமாம். மேல நிக்கறவனுக்கு வேலி கிடையாது, புல்லு கடைசி அங்குலம் வரைக்கும் மெத்தை மாதிரி இருக்கு, அடியில எவ்வளவு குடைஞ்சிருக்குன்னு தெரியவே தெரியாது. காலத் தொங்கப் போட்டு போட்டோ எடுத்துட்டு இருந்த கும்பலப் பாத்து அடிவயிறு கலங்கிடுச்சு. நாங்க பசங்கள நிலத்துப் பக்கமாவே நடக்க விட்டோம், போட்டோ எல்லாம் ஓரத்துல இருந்து நல்லா தள்ளித்தான் இருக்கும், பிடிக்கலன்னா விடுங்க.

ஏழு அக்கா தங்கச்சின்னு பேரு, எண்ணிப் பாத்தா எட்டு மேடு வருது! சின்னவ எண்ணி சண்டை போட்டா, அவ சொன்னதுதான் சரி, எட்டாவதா ஒரு குட்டி மேடு நிஜமாவே இருக்கு. ஒவ்வொண்ணும் பெரிய உயரம் இல்ல, ஆனா ஏறி மூச்சு வாங்கி முடிக்கறதுக்குள்ள இறக்கம், உடனே மறுபடி ஏத்தம். மூணாவதுக்கு மேல யாரும் யாரு கூடவும் பேசல.

பர்லிங் கேப்ல ஒரு டீ குடிச்சு, அங்க யாருக்கு முடியலயோ அவங்க நிறுத்திக்கலாம்னு முன்னாடியே முடிவு பண்ணச் சொன்னது நர்ஸ் அக்கா. "அங்க வர்ற பஸ் எல்லா நாளும் கிடையாது, டாக்ஸி நம்பர் எடுத்து வெச்சுக்கோ, சிக்னல வேற நம்பாதே"ன்னீங்க. நாங்க எல்லாரும் அது அத்தைக்குன்னு நெனச்சோம், கடைசில மாமாதான் டாக்ஸில போனார். அத்தை ஸ்போர்ட்ஸ் ஷூவ இறுக்கிக் கட்டிட்டு "நீங்க போய் ரயில்வே ஸ்டேஷன்ல உக்காருங்க"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டாங்க.

அதுக்கப்புறம் பெல் டூட் கலங்கரை விளக்கம், 1999ல பாறை கரைஞ்சு வருதுன்னு அத்தனை பெரிய கட்டடத்த அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ள தள்ளி வெச்சிருக்காங்க, மாமா மட்டும் இருந்திருந்தா அங்கயே அரை மணி நேரம் நின்னிருப்பார், ரிட்டயர்ட் சிவில் இன்ஜினியர். அப்புறம் பீச்சி ஹெட், 162 மீட்டர், கீழ கடல்ல 1902ல கட்டின செவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். அந்தப் பட்டைக்கு திரும்ப பெயின்ட் அடிக்க ஊர்ச் சனம்தான் காசு சேத்துக் குடுத்துச்சாம். மொத்த நடையும் ஏறக்குறைய 22 கிலோமீட்டர்.

புளியோதரையும் உருளை வறுவலும் கட்டிக் குடுத்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு சொல்ல வார்த்தை இல்ல, எக்ஸீட் புல்லுல உக்காந்து பத்தே நிமிஷத்துல காலி. உங்க டப்பா மூணும் கழுவி வெச்சாச்சு, ஒரு மூடி மட்டும் காணோம், தேடிட்டு இருக்கேன். சார், மேப் ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து தரேன். தம்பி, உனக்காக தரைல கெடந்த ஒரு கறுப்பு ஃப்ளின்ட் (சிக்கிமுக்கி) கல்ல போட்டோ எடுத்திருக்கேன், அது என்னன்னு கொஞ்சம் வெவரமா சொல்லு, சின்னவ கேட்டு உயிர எடுக்கறா.