காற்றாச்சி

அன்பு மகளுக்கு,

நான் சுகம். அங்கே இந்த முறை குளிர் கூட என்று சின்னம்மா சொன்னா. தொப்பி போடாமல் வெளியே போகாதே.

காலபோக நெல் வெட்டி முடிந்தது. இரணைமடுக் குளம் 36 அடி நிரம்பி வான்பாய்ந்தும் எங்கள் கீழ்த்துண்டுக்குப் பழுதில்லை. மெசின் ஒரு பின்னேரத்துக்குள் வெட்டி, அடித்து, மூட்டையாய்த் தந்துவிட்டுப் போய்விட்டது. களமும் இல்லை, கதிரைக் குவித்து அடிக்கும் சூடும் இல்லை. எல்லாரும் நெல்லை நெல் என்றே சொல்கிறார்கள். களத்துச் சொல்லில் பொலி என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம்.

அம்மாவின் திவசத்துக்குத் தம்பி வந்திருந்தான். போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சரி, உனக்கு வகுப்பு இருந்திருக்கும்.

முந்தியெல்லாம் கிழமைக்கு ஒருக்கால் எடுப்பாய். சாப்பிட்டீங்களா என்று கேட்க முன்னமே ஒரு சொல் கேட்பாய். மொட்டைக்கறுப்பன் எத்தனை மாத நெல், பாலை பழுப்பது வைகாசியிலா ஆனியிலா என்று. நெல் அளக்கும்போது ஒன்று என்னாமல் "லாபம், இரண்டு, மூன்று" என்று எண்ணுவோமே, அதை வைத்தே அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் கணக்குப் படிப்பித்தேன் என்றாய். அன்று சந்தையில் கண்டவனுக்கெல்லாம் சொன்னேன். குருவி, ஏடு, தையல், கவிதை என்று கண்டதன் பின்னாலும் அலைகிறாய் என்று ஏசினவனும் நான்தான். அலை. நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு அலை. தொப்பியையும் மறவாதே.

மூன்று மாதமாய் நீ ஒரு சொல்லும் கேட்கவில்லை.

தெரிந்துவிட்டதோ என்று யோசிக்கிறேன். சுளகுக்குக் களத்தில் என்ன பெயர் என்று கேட்டாயே, காற்றாச்சி என்றேன். அப்படி ஒரு சொல்லே இல்லை, பிள்ளை. நான் கட்டினது. என் ஐயா, உன் அப்பப்பா, களத்தில் தூற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார். நான் வேம்பின் கீழே பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பேன். சிநேகிதப் பொடியள் வந்தால், அவர் அப்படிக் கதைப்பது எனக்கு வெட்கமாய் இருக்கும். 2009இல் சுளகும் போய், மரைக்காலும் போய், ஐயாவும் போன பிறகு நீ கேட்கத் தொடங்கினாய். பேராசிரியராய் இருக்கும் மகளிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அதைக் கவிதைக்குத் தலைப்பாக்கிப் புத்தகமே அனுப்பினாய். அந்தப் பக்கத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. பிடிக்கவில்லையா என்று கேட்டாய், கண் தெரியவில்லை என்றேன். கண் நல்லாய்த் தெரியும்.

ஒட்டுசுட்டானில் ஐயாவோடு சூடு அடித்த கிழவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். காது மந்தம், எழுதிக் காட்டவேணும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்க் கேட்டு வருகிறேன். நீ எடுத்தால் சொல்கிறேன். விடிய நாலு மணிக்கும் நான் முழிப்புத்தான்.

அப்பா