கியர் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும் அவர்களுடைய விற்பனை முகவர்களுக்கும்,

வணக்கம்.

கியர் ஆயில் டப்பாக்கள் பலவற்றின் பின்புறத்தில் ‘ஏபிஐ ஜிஎல்-5, ஜிஎல்-4 தேவைகளையும் நிறைவு செய்யும்’ என்றொரு வரி அச்சாகி வருகிறது. ஜிஎல் என்பது கியர் ஆயில்களை வகைப்படுத்த, ஏபிஐ எனப்படும் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு பயன்படுத்தும் குறியீடு. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர், கையேட்டில் எழுதியுள்ளபடி ஜிஎல்-4 வேண்டும் என்று கடையில் கேட்கும்போது, அந்த வரியைக் காட்டித்தான் அவருக்கு ஜிஎல்-5 விற்கப்படுகிறது. ஐந்து நான்கைவிடப் பெரிது, ஆகவே உயர்ந்தது என்று கடைக்காரர் நம்புகிறார்; வாங்குபவரும் நம்பிவிடுகிறார். இந்த நம்பிக்கையால் கெட்டுப்போகும் கியர்பாக்ஸ்களுக்கு உதிரிபாகம் கிடைப்பதே இன்று அரிதாகிவிட்டது. அதனால்தான் இதை உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

ஜிஎல் எண்கள் தரவரிசை அல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவை எந்த வேலைக்கு எந்த ஆயில் என்று பிரிப்பவை. ஜிஎல்-5 முதன்மையாக ஆக்சிலில் உள்ள ஹைப்பாய்ட் வகைக் கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தையும் அதைச் சுழற்றும் பினியன் என்னும் சிறிய பற்சக்கரத்தையும் கருதி வகுக்கப்பட்டது. அங்கே பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி அமைந்திருப்பதால், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கியும் உரசுகின்றன. அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியேறிவிடும் என்பதால், சூடேறியவுடன் எஃகுப் பல்லின் மேல் காப்புப் பூச்சாகப் படியக்கூடிய கந்தக–பாஸ்பரஸ் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. ஜிஎல்-4இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சேர்மம் ஜிஎல்-5இல் இருக்கிறது. ஆக்சிலுக்கு அது உயிர்காக்கும் மருந்து.

பழைய கியர்பாக்ஸின் நிலை வேறு. அதில் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பித்தளையாலான சின்க்ரோ வளையம், கியரோடு சேர்ந்த எஃகுக் கூம்பின் மேல் அழுந்தி, இடையிலுள்ள ஆயிலை அறுத்து வெளியேற்றி, கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் நொடிப்பொழுதில் சமமாக்க வேண்டும். அந்தப் பிடி முழுவதும் உராய்வை நம்பியே இருக்கிறது. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்கத் தவறி, கியர் கறகறவென்று முனகிக்கொண்டு விழும். இன்னொரு கேடு மெதுவாக நடப்பது. வீரியமுள்ள கந்தகம் சூட்டில் பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரிந்து கருத்த படிவை உண்டாக்குகிறது. அந்தப் படிவு கியர் மாற்றும்போதெல்லாம் தேய்ந்து ஆயிலில் கலக்கிறது. இப்படி ஓடிய கியர்பாக்ஸின் ஆயிலை வடித்து, ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பிடித்தால், பொன் துகள் தூவியதுபோல் மினுமினுப்பு தெரியும். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் இரும்புத்தூள் சேறாக ஒட்டியிருக்கும். இந்த மினுமினுப்பு மட்டும் ஒட்டாது, ஏனெனில் பித்தளையைக் காந்தம் இழுப்பதில்லை. சின்க்ரோ வளையத்திலிருந்து தேய்ந்து வந்த உலோகம் அது என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா ஜிஎல்-5 ஆயிலும் பித்தளையை அரிக்கும் என்பது உண்மையில்லை. கந்தகத்தின் வீரியத்தை அடக்கி, செம்புக் கலவைகளுக்குப் பாதுகாப்பாகத் தயாரிக்கப்படும் ஜிஎல்-5 ஆயில்களும் சந்தையில் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், டப்பாவைப் பார்த்து எது எதுவென்று பிரித்தறிய வழியே இல்லை. அதற்கான சோதனை உங்கள் ஆய்வகத்தில் வழக்கமாக நடப்பதுதான். ஏஎஸ்டிஎம் டி-130 என்னும் தரச் சோதனை முறையில், மெருகேற்றிய செம்புத் தகட்டை 121 டிகிரி செல்சியஸ் ஆயிலில் 3 மணி நேரம் அமிழ்த்திவைத்து, எவ்வளவு நிறம் மாறியது என்று பார்த்து 1 முதல் 4 வரை மதிப்பிடுகிறார்கள். ஜிஎல்-5 வரையறை 3 வரை அனுமதிக்கிறது. தகட்டின் நிறம் ஏறக்குறைய மாறாமல் 1 பெற்ற ஆயிலும், நன்றாகக் கறுத்து 3 பெற்ற ஆயிலும் ஒரே ஜிஎல்-5 முத்திரையோடு ஒரே அலமாரியில் நிற்கின்றன. மேலும், செம்பை அரிக்கவில்லை என்பதனாலேயே சின்க்ரோவுக்கு வேண்டிய உராய்வு அந்த ஆயிலில் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. ‘ஜிஎல்-4 தேவைகளையும் நிறைவு செய்யும்’ என்னும் வரி பல்லின் பாதுகாப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வளையத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இந்தக் குழப்பம் பெருகக் காரணம், அதில் ஆயில் ஊற்ற வேண்டிய பெட்டிகள் பல. கியர்பாக்ஸ், அதன் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் என ஒவ்வொன்றும் தனித்தனி ஆயிலைக் கேட்கலாம். எல்டி-77 கியர்பாக்ஸ் பொருத்திய பழைய லேண்ட் ரோவர்களில், கையால் மாற்றும் கியர்பாக்ஸாக இருந்தும் அதற்கு ஏடிஎஃப் எனப்படும் தானியங்கி கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றச் சொன்னார்கள். அதன் பின்னாலேயே ஒட்டி நிற்கும் எல்டி-230 டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கோ இபி-90 எனப்படும், அதிக அழுத்தத்தைத் தாங்கும் கியர் ஆயில். ஜீப் செரோக்கியில் வந்த என்பி-231 டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஏடிஎஃப்தான். இத்தகைய வண்டிக்கு ‘கியர் ஆயில்’ என்ற பெயரை மட்டும் பார்த்து எல்லாப் பெட்டியிலும் ஒன்றையே நிரப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வயதான வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவிலுள்ள ஆயில் சீல் தேய்ந்து, ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குள் ஏறிவிடுவதும் உண்டு. ஒரு பக்கம் அளவு குறைந்து மறுபக்கம் ஃபில்லர் பிளக்கைத் திறந்தவுடன் வழிந்தால் அதுதான் காரணம் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸில் ஊற்றிய ஜிஎல்-5, ஊற்றாமலேயே கியர்பாக்ஸுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சீலை மாற்றும்வரையில் இரண்டு பக்கமும் பித்தளைக்குத் தீங்கில்லாத ஆயிலையே வைத்திருப்பது நல்லது.

ஆயிலின் கெட்டித்தன்மையைப் பற்றிச் சுருக்கமாக. கியர் ஆயிலின் 90 என்ற எண்ணும் என்ஜின் ஆயிலின் 40, 50 என்ற எண்களும் வெவ்வேறு அளவுகோல்கள். எஸ்ஏஇ என்னும் கெட்டித்தன்மை எண் முறையில் 90 ஆன கியர் ஆயில் 100 டிகிரியில் ஏறத்தாழ 40 அல்லது 50 எண் என்ஜின் ஆயிலின் கெட்டித்தன்மைதான். இது தெரியாமல் 90ஐக் கூழ்போல் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சத்தத்தை அடக்க 140 ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. கெட்டியான ஆயிலைக் குளிரில் சின்க்ரோ வளையத்தால் அறுக்க முடிவதில்லை. பற்கள் வாரித் தெறிக்கும் ஆயிலை நம்பியிருக்கும் பேரிங்குகளுக்கும் அது தாமதமாகவே போய்ச் சேருகிறது. சத்தம் குறையும்; தேய்மானம் குறையாது.

இனி என் கோரிக்கைகள். ‘ஜிஎல்-4 தேவைகளையும் நிறைவு செய்யும்’ என்று அச்சிடுகிற இடத்திலேயே, பித்தளை சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸில் அந்த ஆயிலைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒரு வரி வெளிப்படையாக எழுதுங்கள். செம்புத் தகடு சோதனையின் மதிப்பை, யாரும் தேடிப் பிடிக்க வேண்டிய தொழில்நுட்பக் குறிப்பில் மறைக்காமல் டப்பாவிலேயே போடுங்கள். எண் ஒன்றும் எழுத்து ஒன்றும் சேர்ந்த குறியீடுதானே, அதற்கு அரை அங்குல இடம் போதும்.

பழைய கையேடுகளில் இன்று புழக்கத்தில் இல்லாத பெயர்கள் இருக்கின்றன. எம்ஐஎல்-எல்-2105 என்ற அமெரிக்க ராணுவக் குறியீடு, பின்னொட்டு எழுத்து இல்லாமல் இருந்தால் ஜிஎல்-4க்கு நிகர். அதன் பின்னால் பி, சி, டி என்று ஓர் எழுத்து வந்தால் ஜிஎல்-5க்கு நிகர். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் போனால் தவறான ஆயில் உள்ளே போய்விடும். பழைய பெயரையும் இன்றைய பெயரையும் எதிரெதிராகப் போட்ட ஒரு பக்க அட்டவணையை நீங்கள் அச்சிட்டுக் கடைகளில் ஒட்டச் செய்தால், கவுன்ட்டரில் நிற்பவருக்கே அது முதல் உதவியாக இருக்கும்.

கடைசியாக, ஜிஎல்-4 ஆயிலைத் தொடர்ந்து தயாரியுங்கள். அதுவும் ஒரு லிட்டர் டப்பாவில். இவ்வண்டிகளின் கியர்பாக்ஸ் பலவும் கொள்வது இரண்டு, மூன்று லிட்டர் மட்டுமே. ஜிஎல்-4 பெரிய வாளியில் மட்டும் கிடைத்து, ஜிஎல்-5 சிறிய டப்பாவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை, கையேட்டைப் படித்துவிட்டு வருபவரும் ஜிஎல்-5 டப்பாவோடுதான் வீடு திரும்புவார்.

இங்ஙனம்,
பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைப் பேணி வரும் வாடிக்கையாளர்