கைத்தகட்டுக்குத் துணைநின்ற கொழும்பு உறவுகளுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

நீரிழிவோடு வாழ்பவர்கள் மணிக்கட்டில் அணியும் அடையாளத் தகடு இன்று கொழும்பில் பலருடைய கையில் ஏறியிருக்கிறது. அதற்காக ஓடித்திரிந்த உங்களுக்கு வெறுமனே நன்றி என்று எழுதிவிட மனம் வரவில்லை. யாருடைய உதவி எங்கே கைகொடுத்தது என்பதையும் சொல்கிறோம். இனித் தகடு செய்விக்க இருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

தகட்டில் எது இருக்கவேண்டும், எது கூடாது என்று வரையறுத்துத் தந்தவர்கள் கிளினிக் தாதிமார். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க வருபவர் முதல் நிமிடத்தில் அறியவேண்டியது மட்டும் தகட்டில் வரட்டும் என்றார்கள். அதன்படி நோயின் பெயர், இன்சுலின் போடுபவர் என்ற குறிப்பு, உயிராபத்தான ஒவ்வாமை, இரண்டு தொலைபேசி இலக்கங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் குளிசை எடுப்பவர் என்றால் அதுவும் வேண்டும். இன்சுலின் அளவு அடிக்கடி மாறுவதால் அதைப் பொறிக்கக் கூடாது. இரத்தவகைக்கும் இடம் கொடுக்கத் தேவையில்லை, இரத்தம் ஏற்றுமுன் ஆஸ்பத்திரியில் எப்படியும் பரிசோதிப்பார்கள். முதலாம் வகை நீரிழிவு என்றால் அந்த வகையைக் கட்டாயம் எழுதவேண்டும். இன்சுலினை நிறுத்தினால் அவருக்கு ஒரு நாளைக்குள்ளேயே இரத்தம் அமிலமாகத் தொடங்கிவிடும்.

யாருக்கு முதலில் தகடு என்ற கேள்விக்கும் அவர்களே விடை தந்தார்கள். நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை மட்டும் எடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவரும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், டொல்பியுற்றமைட் போன்ற குளிசை எடுப்பவரும் முந்தவேண்டும். அவர்களிலும் வயதானவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் இன்னும் அவசரம், ஏனென்றால் மருந்து உடம்பை விட்டுப் போக நாளெடுக்கும்.

செட்டியார் தெருவில் நகை செய்யும் பத்தர் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. தங்கத்தில் கேட்டு வந்தவர்களையெல்லாம் இருத்திவைத்து, தங்கமென்றால் பார்ப்பவர் நகை என்று நினைத்து வாசிக்காமல் விடுவார், பஸ்ஸில் அறுத்துக்கொண்டும் போவார்கள் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். 316எல் என்ற துருப்பிடிக்காத உருக்கில் 40 மில்லிமீற்றர் நீளம், 15 மில்லிமீற்றர் அகலம், எழுத்து இரண்டரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் என்று அளவு வைத்தார். மேலோட்டமாகப் பொறித்தால் முதலில் அழிவது தமிழ் எழுத்தின் புள்ளிதான். அதனால் புள்ளிகளை மட்டும் உளியால் இன்னொரு தரம் ஆழமாகக் குத்திக் கொடுத்தார். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு டைட்டேனியம் நல்லது என்று சொல்லித் தந்தவரும் அவரே.

சங்கிலியில் கோர்த்துச் சட்டைக்குள் போடலாமா, காலில் கட்டலாமா என்று பலர் கேட்டார்கள். கழுத்தில் இருப்பது சட்டைக்குள்ளும் சேலைக்குள்ளும் மறைந்துவிடும். காலில் வேண்டவே வேண்டாம். நீரிழிவில் பாதம் மரத்திருக்கலாம், தகடு உரசிப் புண்ணானாலும் தெரியாது. நாடி பிடிக்க எவரும் மணிக்கட்டைத்தான் தேடுவார், தகடும் அங்கேயே இருக்கட்டும். பிரித் நூல், கோயில் கயிறு, கைக்கடிகாரம் எல்லாம் ஒரே கையில் என்றால் தகட்டை மற்றக் கையில் போடுங்கள். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். குளித்தபின் அடிப்பக்கத்தைத் துடைக்கவேண்டும், சவர்க்காரம் தங்கினால் கடிக்கும். எம்ஆர்ஐ எடுக்குமுன் கழற்றிவிடுங்கள்.

சிங்கள வரியை எழுதித் தந்து, பொறித்த பிறகும் தகடு தகடாக வாசித்துச் சரிபார்த்த அயல்வீட்டு அக்காவுக்கு எங்கள் அன்பு. மூன்று மொழியும் வேண்டியிருந்தது. டொக்டர் ஆங்கிலத்தில் வாசிப்பார், ஆனால் அவருக்கு முன்னே கைகொடுப்பவர் பஸ் கண்டக்டராகவோ ஆட்டோக்காரராகவோ இருப்பார்.

அந்த ஆட்டோத் தரிப்பிடத்துத் தம்பிமாரை எப்படிப் பாராட்டுவது! சீனி இறங்கியவர் வியர்த்துக்கொட்டி, நாக்குக் குழறி, தள்ளாடுவார். குடித்திருக்கிறார் என்று ஊர் விலகிப்போகும். அந்த நேரத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள் என்று சொன்னதை நீங்கள் வேலைக்கு நடுவிலும் நின்று கேட்டீர்கள். உங்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறோம். ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது நான்கு மட்டத் தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சூடான பிளேன்டீ ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. சொக்கலேற்றில் உள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். டயற் சோடாவில் சீனியே இல்லை. 15 நிமிடத்தில் இரத்தச் சீனியை மறுபடி பாருங்கள், 70 mg/dLக்குக் கீழே நின்றால் இன்னொரு தரம் கொடுங்கள். மயங்கியவர் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

கொட்டாஞ்சேனை அச்சகத்தார் பேர்ஸுக்குள் வைக்கும் அட்டையைக் கூலியில்லாமல் அடித்துத் தந்தார்கள். மருந்துப் பெயர், அளவு, கிளினிக் கொப்பி இலக்கம் எல்லாம் அதில்தான் வரும். பென்சிலால் எழுதுங்கள், திருத்த வசதி. லமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போடச் சொன்னதும் அதற்காகத்தான். தொலைபேசிப் பூட்டுத்திரையில் மருத்துவ விபரம் தெரியும்படி வைப்பது நல்லதுதான், ஆனால் பற்றறி இறங்கினால் அது உதவாது.

வெள்ளவத்தை மருந்துக்கடைத் தம்பிமாரே, வெற்று அட்டைகளை இன்றைக்கும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, மருந்து மாறியவர்களிடம் நீங்களாகவே கேட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அடையாளத் தகட்டு முயற்சியில் சேர்ந்து உழைத்தவர்கள்,
கொழும்பு