ஆறு நாள் ஓட்டத்துக்குப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே சுற்றுப்பாதையில் யார் அதிக தூரம் ஓடுகிறார்கள் என்று பார்க்கும் ஆறு நாள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கே கால் பரபரத்தது. என் முழங்கால் தேறிவிட்டது, காலையில் மெதுவாக ஓடுகிறேன். இந்த வருஷம் போட்டி எதுவும் வேண்டாம் என்று இருக்கிறேன். அதனால் உனக்குத் துணையாக நானே வருகிறேன்.

நீ அனுப்பிய திட்டத்தில் தினசரி கிலோமீட்டர், சாப்பாட்டு நேரம், மாற்று ஷூ எல்லாம் இருக்கிறது. தூக்கத்துக்கு மட்டும் நேரமே இல்லை, "முடியாதபோது படுத்துக்கொள்வேன்" என்று விட்டிருக்கிறாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது. நியூயார்க்கில் நடக்கும் 3100 மைல் ஓட்டத்தில் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை பாதையையே மூடிவிடுவார்கள். 52 நாள் ஓடுகிறவர்களுக்கு ஓய்வை விதியே கொடுத்துவிடுகிறது. உன் ஓட்டத்தில் 144 மணி நேரமும் கடிகாரம் நிற்காது. எப்போது படுப்பது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். தூக்கம் கெட்ட மூளை இழப்பதோ அந்தத் தீர்மானிக்கும் திறனையும்தான். ஆகவே அதை இப்போதே, தெளிவாக இருக்கும்போதே, எழுதி என்னிடம் கொடுத்துவிடு.

முதல் இரவிலேயே படு. உடம்பு புதிதாக இருக்கும், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், படுக்க மனசே வராது. இருந்தாலும் படு. தூக்கம் வராவிட்டாலும் கால்மேல் பாரமில்லாமல் கிடப்பதே பெரிய உதவி. மூன்றாம் நாள் தள்ளாடத் தொடங்கியபின் எடுக்கிற ஓய்வு, அதுவரை ஆன சேதத்தை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தாய். ஒரு தூக்கச் சுழற்சி ஏறக்குறைய 90 நிமிடம். இரவில் ஒன்றோ இரண்டோ முழுச் சுழற்சி, பகலில் 20 நிமிடக் கோழித்தூக்கம், இதுதான் என் யோசனை. இடையில் 45 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பிடுங்கியதுபோல் இருக்கும், தலை தெளியவே வெகு நேரமாகும். இரவு 2 மணியிலிருந்து 5 மணிக்குள் உடல் வெப்பம் இயல்பாகவே இறங்கும், வேகமும் விழும். அந்த நேரத்தைப் படுக்கைக்குக் கொடு. மரமெல்லாம் மனிதர்களாகத் தெரியத் தொடங்கினால், திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உடனே உன்னைப் படுக்க வைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

படுக்கும் முன் செய்ய வேண்டியவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் சாப்பாடு, ஏனென்றால் ஓடும்போது வயிற்றுக்குப் போகாத ரத்தம் நீ நின்றதும் திரும்ப வரும், செரிமானமும் சுமாராக நடக்கும். பிறகு ஈர உடையை மாற்று. நின்ற சில நிமிடங்களில் உடம்பு குளிர்ந்து நடுக்கம் எடுத்துவிடும். அப்புறம் பாதம். கழுவித் துடைத்து, விரலிடுக்கெல்லாம் பார்த்து, கொப்புளம் சிறிதாக இருக்கும்போதே பிளாஸ்திரி போட வேண்டும். காலை உயர்த்தி வைத்துப் படு. போகப்போகப் பாதம் வீங்கும், எனவே ஒரு அளவு பெரிய ஷூவும் எடுத்து வா. எழுந்ததும் கால் மரக்கட்டையாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதே, ஒரு சுற்று நடந்தால் இளகிவிடும்.

வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்யூப்ரோஃபென் போன்றவை, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காமல் நேராக மருத்துவரிடம்தான் போக வேண்டும். எதையும் என்னிடம் மறைக்காதே.

போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கு. அப்போது சேர்த்துவைத்தது முதல் இரண்டு நாளுக்குக் கைகொடுக்கும். முடிந்த பிறகு நீ வண்டி ஓட்டக் கூடாது, நான்தான் ஓட்டுவேன். அதற்காக நானும் இரவில் தூங்கியாக வேண்டும். எனக்கு மாற்றாக இன்னொருவரையும் உன்னால் அழைத்து வர முடியுமா? திருத்திய திட்டத்தோடு அதையும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்