பதின்மூன்று பகுதிகளுக்கு ஒரு நன்றி மடல்

'என்லிஸ்டட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை உருவாக்கிய கெவின் பீகல் அவர்களுக்கும், அதில் நடித்தவர்களுக்கும், அதன் பிழைகளைத் திருத்திய ராணுவத்தினருக்கும், எங்கள் குடும்பத்துக்கு அந்த நாட்களில் துணை நின்ற இரண்டு பேருக்கும்,

வணக்கம். இந்த மடலை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தம்பி சம்மதம் சொல்லும் வரை காத்திருந்தேன். போன மாதம்தான் "எழுது அக்கா, என் பெயரை மட்டும் போடாதே" என்றான்.

என் தம்பி மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவன். படிப்பு முடிந்த பிறகு, எங்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். அந்தக் காலத்தில் 'மாவ்னி' என்றொரு திட்டம் இருந்தது. குடியுரிமை இல்லாதவர்களையும், ராணுவத்துக்குத் தேவையான மொழிகள் தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. தாய்மொழியே அவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டது என்று அம்மா அழுதார். அப்பா ஏழு மாதம் அவனோடு பேசவில்லை.

2013 இலையுதிர் காலத்தில் அவன் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பினான். டெக்சாஸில் ஒரு ராணுவ முகாமில் இருந்ததால், விடுப்பு கிடைத்த வெள்ளிக்கிழமைகளில் ஹூஸ்டனில் உள்ள என் வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான், பாத்திரங்களைக் கழுவி வைப்பான், வாசல் கதவு கண்ணில் படும்படியான நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வான். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும். எனக்கு அவனிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. அக்கறையில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவனை இன்னும் உள்ளே தள்ளியது.

2014 ஜனவரி 10 அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் உங்கள் தொடரின் முதல் பகுதி தொடங்கியது. பீட் ஹில் என்ற சார்ஜென்ட் ஆப்கானிஸ்தானில் தன் மேலதிகாரியை அடித்துவிடுகிறான். தண்டனையாக அவனை ஃபுளோரிடாவில் உள்ள மெக்கீ என்ற ராணுவ முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவனுடைய இரண்டு தம்பிகளும் இருக்கிறார்கள். எதையும் ஏளனமாகப் பார்க்கும் டெரிக், எதற்கும் கண் கலங்கும் ராண்டி. மூவரும் 'ரியர் டி'யில் வேலை பார்க்க வேண்டும்.

'ரியர் டி' என்றால் என்ன என்று கேட்டேன். தம்பி விளக்கினான். படைப்பிரிவு போர்முனைக்குப் போகும்போது முகாமிலேயே தங்கிவிடுபவர்கள் அவர்கள். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வார்கள், போனவர்களின் குடும்பங்களுக்கு ஒன்றென்றால் ஓடுவார்கள். "யாரும் அவர்களைப் பெரிதாக மதிப்பதில்லை அக்கா. ஆனால் நாங்கள் அங்கே இருந்தபோது வீட்டு விஷயம் எதையும் நினைத்துப் பயப்படாமல் இருக்க முடிந்தது அவர்களால்தான்" என்றான். அவன் திரும்பி வந்த பிறகு என்னிடம் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசியது அன்றுதான்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். முடி வெட்டு சரியில்லை என்றான். சீருடையில் சின்னங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றான். எழுந்து நின்று, சல்யூட் எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டினான். பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எனவே முதல் நன்றி உங்கள் முதல் பகுதியின் பிழைகளுக்கு. மனதாரச் சொல்கிறேன். அவை இல்லாவிட்டால் அவன் வாய் திறந்திருக்க மாட்டான்.

அந்தப் பிழைகளை நீங்கள் கையாண்ட விதத்துக்கும் நன்றி. முன்னோட்டத்தைப் பார்த்த ராணுவத்தினர் கோபப்பட்டபோது நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டீர்கள். முதல் பகுதியில் இருக்கும் தவறுகளையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று அவர்களையே அழைத்தீர்கள். அடுத்தடுத்த பகுதிகளில் திருத்தம் தெரிந்தது. வாரா வாரம் தம்பி சரிபார்த்தான். "இதைச் சரியாகச் செய்துவிட்டார்கள்" என்று அவன் சொல்லும்போது, தன்னை யாரோ காது கொடுத்துக் கேட்டுவிட்டார்கள் என்ற நிம்மதி அவன் குரலில் இருந்தது. குறை சொல்லி எழுதிய முகம் தெரியாத வீரர்களே, உங்கள் கடிதங்கள் என் வீட்டுக் கூடம் வரை வந்து சேர்ந்தன.

சிரிப்பொலி சேர்க்காத நகைச்சுவைத் தொடர் அது. எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் சிரிப்பு நின்றுபோகும் இடத்தையும் நாங்களே கண்டுகொண்டோம். பீட் எல்லோரையும் சிரிக்க வைக்கிறான், ஆனால் போர் அவனை விடவில்லை. அதை அவன் மறைக்கிறான். முதலில் கவனிப்பவன் டெரிக். அந்தக் காட்சியில் தம்பி எழுந்து சமையலறைக்குப் போனான். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நான் போய்ப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, வாசலைப் பார்த்த நாற்காலியை விட்டுவிட்டு, என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான்.

"அந்தத் தம்பிக்காரன் கவனித்துவிட்டான் பார்த்தாயா" என்றான். 

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு சாலையைப் பற்றியும், தனக்கு முன்னால் போன வண்டியைப் பற்றியும் என்னிடம் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். பீட்டாக நடித்த ஜெஃப் ஸ்டல்ட்ஸ், டெரிக்காக நடித்த கிறிஸ் லோவல், ராண்டியாக நடித்த பார்க்கர் யங், உங்கள் மூவருக்கும் ஒரு அக்காவின் நன்றி. சண்டை போடுவதும், சீண்டுவதும், ஒருவன் உடைந்தால் மற்ற இருவரும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பதும் உடன்பிறந்தவர்களுக்கு மட்டுமே வருவது. நீங்கள் அதை நடித்தீர்கள் என்று இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. ஜில் பெரெஸ் என்ற பெண் சார்ஜென்டை ஏஞ்சலிக் கப்ரால் செய்த விதமும் மறக்கவில்லை. வேலையில் பீட்டுக்குச் சற்றும் சளைக்காத பெண் அவள்.

கீத் டேவிட் நடித்த கோடி என்ற மூத்த அதிகாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளின் இறந்துபோன தந்தையை அறிந்தவர் அவர். அதட்டுவார், ஆனால் கைவிட மாட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருநெல்வேலியில் எங்கள் தெருவில் இருக்கும் மாமா நினைவுதான் வரும். மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா தம்பியோடு மறுபடி பேச ஆரம்பித்ததற்கு அவர்தான் காரணம். "அங்கே என்ன நடந்தது என்று கேட்காதே. தினமும் கூப்பிடு. தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல். அது போதும்" என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அப்படியே செய்தார். மாமா, உங்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

மார்ச் மாதத்தோடு தொடரை நிறுத்திவைத்தார்கள். மே மாதம் ரத்து என்ற செய்தி வந்தது. மிச்சமிருந்த நான்கு பகுதிகளை ஜூனில் ஒளிபரப்பினார்கள். மொத்தம் பதின்மூன்று. எனக்கு அந்தச் செய்தி வீட்டில் ஒருவரை ஊருக்கு அனுப்பிவைத்தது போலிருந்தது. எடுத்த வரிசையிலும் அவற்றைக் காட்டவில்லை. ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவதைச் சொல்லும் கதையில் வரிசை மாறினால் எவ்வளவு இழப்பு! தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் நடத்தும் தோழி, எடுத்த வரிசையைத் தேடிப் பிடித்து, ஒரு தாளில் கைப்பட எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கோடையில் நானும் தம்பியும் முதலிலிருந்து மறுபடி பார்த்தோம். தோழி, உன் கையெழுத்துத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

நிறைவுப் பகுதிக்கு 'அலைவ் டே' என்று பெயர் வைத்திருந்தீர்கள். போரில் மரணத்தின் விளிம்பு வரை போய்ப் பிழைத்த நாளை வீரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் அதுவரை தெரியாது. பகுதி முடிந்ததும் தம்பி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்துபோனான். என் சமையலறையில் அம்மா ஊரிலிருந்து அனுப்பும் தினசரி காலண்டர் தொங்கும். ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் அச்சிட்ட காலண்டர். அதில் தாள்களைத் தள்ளித் தள்ளி ஒரு தேதியை எடுத்தான். பேனாவால் வட்டம் போட்டான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நாள் வந்தபோது பால் பாயசம் வைத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். இப்போது அவனுக்குத் திருமணமாகி, ஒரு மகளும் இருக்கிறாள். ஆண்டுதோறும் புதுக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக அந்தத் தேதிக்கு நான்தான் வட்டம் போடுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஒரு ராணுவ வீரனின் அக்கா
ஹூஸ்டன்